முதல் குடம்: ‘குடிக்கத் தகுந்தது’ என்று ரிப்போர்ட் வந்த தெருவில் காமாலை

ரிப்போர்ட்டின் கடைசி வரி “குடிக்கத் தகுந்தது”. அதற்கு மேலே பி.எச்., கலங்கல், குளோரைடு, நைட்ரேட் எல்லாம் வரம்புக்குள். 100 மில்லியில் கோலிஃபார்ம் பாக்டீரியா இல்லை, அதில் ஒன்றான இ.கோலையும் இல்லை. சங்கச் செயலாளர் அந்தத் தாளை லேமினேட் செய்து டேங்க்கின் கம்பிக் கதவில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதே வாரத்தில் தெருக்கோடியில் 9 பேருக்குக் கண் மஞ்சள்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, பெண்ணையாற்றுக்கு வடக்கே, வயலைத் தூர்த்துப் போட்ட மனைப்பிரிவுகளில் ஒன்று அது. அந்தப் பக்கத்தில் ஒரு வாய்க்காலைத் தாண்டினாலே மாநிலம் மாறிவிடும். நகரின் பெயரையும் ஆட்களின் அடையாளத்தையும் நடந்த ஆண்டையும் விட்டுவிடுகிறேன். அங்கே வருவது அரசுக் குழாய்த் தண்ணீர் அல்ல. குடியிருப்போர் சங்கத்தின் சொந்த போர்வெல், சொந்த டேங்க், சொந்த பைப்லைன். காலையில் ஒரு மணி நேரம் விடுவார்கள். மற்ற 23 மணி நேரமும் குழாய் காலி.

முதல் ஆளுக்கு டிசம்பர் கடைசியில் காய்ச்சலும் குமட்டலும். பொங்கலுக்குள் 9 பேர், 5 வீடு. ஐந்தும் ஒரே தெருவின் கோடியில் இருப்பவை. வழக்கம்போல ஆளாளுக்குக் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி இருந்ததால்தான் விஷயம் ஆஸ்பத்திரி வரை போனது. ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் இ வைரஸுக்கான ஐ.ஜி.எம். (புதுத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் காமாலை இது. கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு அப்படியில்லை. அவர்களில் 20 முதல் 25 சதவீதம் பேர் வரை இறந்துபோகக்கூடிய நோய். அந்தப் பெண் பிழைத்தார், குழந்தையும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர் கடைசி வரை அந்தக் கவலையோடு வர வேண்டாம்.

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுப்பவன். அதற்கு முன்னால் சில வருஷம், உயிருள்ள செல்லை வளர்க்கும் செல் கல்ச்சர் அறையில் கழித்தவன். செயலாளர் என் பழைய மாணவரின் அப்பா. போனில் அவர் கேட்டது ஒரே கேள்வி: “சார், ரிப்போர்ட் நல்லாத்தான் வந்திருக்கு. காமாலையும் வருது. ரெண்டுல எது சார் பொய்?”

ரிப்போர்ட் எதைத் தேடியது

ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தது. 100 மில்லி தண்ணீரை 0.45 மைக்ரான் துளையுள்ள சவ்வு வழியாக இழுத்து, அந்தச் சவ்வைத் தட்டில் வைத்து வளர்த்து, பாக்டீரியா முளைக்கிறதா என்று பார்ப்பார்கள். 0.45 மைக்ரான் என்றால் 450 நானோமீட்டர். இ.கோலை அதைவிடப் பெரியது, மேலேயே தங்கிவிடும். ஹெபடைடிஸ் இ வைரஸ் 27 முதல் 34 நானோமீட்டர்தான். ஒரு துளையின் குறுக்கே பத்துப் பதினைந்து வைரஸைத் தோளோடு தோள் நிறுத்தலாம். அவை சவ்வில் சிக்கினாலும் அந்தத் தட்டில் முளைக்காது. வைரஸுக்கு உயிருள்ள செல் வேண்டும்.

சரி, வைரஸையே தேடாமல் இ.கோலையை ஏன் தேடுகிறோம்? அது மலத்துக்குச் சாட்சி. இ.கோலை இருந்தால் யாருடைய குடலோ தண்ணீரில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலிவு, ஒரு நாளில் முடிவு தெரியும், எந்த மாவட்ட லேபிலும் செய்யலாம். ஆனால் அந்தச் சாட்சி குளோரினில் சீக்கிரம் செத்துவிடும். சாட்சி செத்த பிறகும் குற்றவாளி உயிரோடு இருக்கலாம்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1955ல் யமுனையில் வந்த வெள்ளத்தைத் தொடர்ந்து, நவம்பரில் டில்லிக்குத் தண்ணீர் எடுக்கும் வஜீராபாத் பகுதியில் சாக்கடை நீர் பின்வாங்கிக் கலந்தது. நிலையத்தில் இருந்தவர்கள் படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். பாக்டீரியாவால் வரும் டைபாய்டு, வயிற்றுப்போக்கு பெரிதாக எழவில்லை. ஆனால் அந்த டிசம்பர், ஜனவரியில் சுமார் 29,300 பேருக்குக் காமாலை. ஹெபடைடிஸ் ஏ என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். எடுத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளை 1980 வாக்கில் மறுபடி சோதித்தபோதுதான் அது ஏ இல்லை என்று தெரிந்தது. இன்று அதை ஹெபடைடிஸ் இ என்கிறோம்.

நம் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, 2012 பதிப்பு, வைரஸைப் பற்றிப் பேசவே செய்கிறது. ஒரு லிட்டரில் எம்.எஸ்.2 ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ்) இருக்கக்கூடாது, இருந்தால் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை பார்க்க வேண்டும் என்கிறது. காமாலை இருக்கும் பகுதியில் ஒரு மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும் என்கிறது. மற்ற இடத்துக்கு 0.2 போதும். லேமினேட் செய்து தொங்கிய தாளில் ஃபேஜ் என்ற வரியே இல்லை. மிச்சக் குளோரின் கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது.

நாள் கணக்கு

நான் போன அன்று முதலில் செய்தது சேம்பிள் எடுப்பது அல்ல, காலண்டரைப் பார்ப்பது. ஹெபடைடிஸ் இ உடம்புக்குள் போய் கண் மஞ்சளாக 2 முதல் 10 வாரம் ஆகும். சராசரி 40 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் பாதி என்று ஆட்கள் படுத்திருந்தால், அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கத்துக்குள். லேப்காரர் சேம்பிள் எடுத்தது ஜனவரி இரண்டாம் வாரம். அவர் சோதித்தது மார்கழி மாதத் தண்ணீரை. நோய் வந்தது கார்த்திகைத் தண்ணீரில்.

கார்த்திகையில் என்ன நடந்தது என்று தெருக்கோடி வீட்டு ஆயாவிடம் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“தண்ணி கண்ணாடியாத்தான் தம்பி வருது. அந்த மழ ஊத்துச்சே, அப்பதான் ரெண்டு மூணு நாளு ஒரு நாத்தம். அதுவும் மொத கொடத்துல மட்டும். அத செடிக்கு ஊத்திட்டு அடுத்த கொடத்தப் புடிப்பேன்.”

“உங்க வீட்ல யாருக்கும் காமாலை இல்லியா ஆயா?”

“இல்லியே.”

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நோட்டில் இரண்டு தடவை அடிக்கோடிட்டேன். தெருக்கோடி ஐந்து வீடு என்று மேலே சொன்னேனே, அவை ஆயா வீட்டுக்கு இரு பக்கமும் எதிரிலும் இருப்பவை. அதே பைப், அதே டேங்க். வித்தியாசம் என்னவென்றால், அந்த ஐந்து வீட்டிலும் குழாய் நேராக சம்ப்பில் விழுகிறது. முதல் குடம், கடைசிக் குடம் என்ற பேதம் சம்ப்புக்குத் தெரியாது.

மழையைப் பற்றி இந்தப் பகுதிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், அதற்கடுத்து பெண்ணையாற்றில் வந்த வெள்ளம். ஒவ்வொரு முறையும் செப்டிக் டேங்கும் வாய்க்காலும் தெருவும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இந்த நகரில் நடந்தது அவ்வளவு பெரிய மழைகூட அல்ல. சாதாரணக் கார்த்திகை அடைமழை.

குழாயைத் திறந்துவிட்டு எடுத்த தண்ணீர்

பாக்டீரியா சோதனைக்குச் சேம்பிள் எடுக்க ஒரு முறை இருக்கிறது. குழாய் வாயைத் துடைத்து, நெருப்பில் காட்டி, சில நிமிஷம் தண்ணீரைத் திறந்துவிட்டு, அப்புறம் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். குழாய் வாயில் ஒட்டிய அழுக்கு சேம்பிளில் வரக்கூடாது என்பதற்காக. 24 மணி நேரமும் தண்ணீர் ஓடும் ஊருக்கு இது சரியான முறை. நம் ஊரில் இது சாட்சியைக் கழுவி வாய்க்காலில் விடும் வேலை.

ஏனென்றால் தண்ணீர் நின்ற பிறகுதான் குழாய்க்குள் கூத்தே நடக்கிறது. அழுத்தம் இல்லாத குழாய் உறிஞ்சும். அதற்கு மேல் யாராவது குழாயில் நேராக மோட்டார் மாட்டி இழுத்தால், விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே சுற்றியிருக்கும் ஈரம் உள்ளே வரும். இந்தத் தெருவில் மூன்று வீட்டில் மோட்டார் இருந்தது. மூவருமே இல்லை என்று சொன்னார்கள், மூன்று வீட்டிலுமே அது சத்தம் போட்டது. கர்நாடகத்தில் ஹூப்ளி–தார்வாடில், விட்டு விட்டு வரும் தண்ணீரையும் நாள் முழுக்க வரும் தண்ணீரையும் ஒப்பிட்டு விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். விட்டு விட்டு வருவதில்தான் இ.கோலை அதிகம், அதுவும் தண்ணீர் திறந்த முதல் சில நிமிஷத்தில். ஆயாவின் செடிக்கு இது முன்னாலேயே தெரியும்.

ஆகவே நாங்கள் நாலு இடத்தில் எடுத்தோம். டேங்க்கின் கீழ் வால்வு. கோடி வீட்டுக் குழாயில் காற்று சீறி நின்றதும் விழும் முதல் குடம். அதே குழாயில் பத்து நிமிஷம் கழித்து. பிறகு நோயாளி வீட்டு சம்ப் ஒன்று. பாட்டிலில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் போட்டிருந்தோம். அதைப் போடாவிட்டால் தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின் லேபுக்குப் போகும் வழியெல்லாம் கொன்றுகொண்டே வரும். அப்புறம் ‘உயிருள்ள வைரஸ் இல்லை’ என்ற முடிவுக்கு அர்த்தமே இருக்காது. ஐஸ் பெட்டியில் வைக்கலாம், உறைய விடக்கூடாது.

தட்டில் விழுந்த கண்கள்

ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ். மனிதனை ஒன்றும் செய்யாது. சாக்கடையில் இ.கோலை இருக்கும் இடத்தில் பெரும்பாலும் அதன் ஃபேஜும் இருக்கும். எம்.எஸ்.2 கிட்டத்தட்ட 27 நானோமீட்டர், அதாவது நம் குற்றவாளியின் உடல்வாகு. தண்ணீர் மண்ணில் வடிவது, குளோரினில் தாங்குவது எல்லாவற்றிலும் இ.கோலையைவிட இதுவே வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். செய்வதற்கு பி.சி.ஆர். மெஷின் வேண்டாம், வாட்டர் பாத், பெட்ரி தட்டு, அகார் என்னும் கடற்பாசிக் கூழ், நல்ல இ.கோலை ரகம் ஒன்று இருந்தால் போதும். எங்கள் கல்லூரி லேபிலேயே முடிந்தது.

மென்மையான அகாரை உருக்கி, 45 டிகிரியில், கை பொறுக்கும் சூட்டில் வைத்திருப்போம். அதில் துள்ளிக்கொண்டு வளரும் இ.கோலையையும் சேம்பிளையும் கலந்து தட்டில் ஊற்றினால், சில மணி நேரத்தில் பாக்டீரியா தட்டு முழுக்கப் பாலேடு மாதிரிப் படரும். எங்கே ஒரு ஃபேஜ் இருந்ததோ அங்கே மட்டும் சுற்றியுள்ள பாக்டீரியா வெடித்துச் செத்து, தெளிவான வட்டம் விழும். தோசைக்கல்லில் மாவு பரவியதும் கண் கண்ணாய் விழுமே, அப்படி. ஒரு கண் என்றால் தொற்றும் திறனுள்ள ஒரு ஃபேஜ். செத்த ஃபேஜ் கண் போடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காலை 9 மணிக்கு ஊற்றினோம். சாயங்காலம் 4 மணிக்கு என் மாணவி தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். டேங்க்: ஒன்றும் இல்லை. பத்து நிமிஷம் கழித்து எடுத்தது: ஒன்றும் இல்லை. முதல் குடம்: 100 மில்லிக்கு 43 கண். அதே முதல் குடத்தில் இ.கோலையும் இருந்தது. சம்ப்பில்தான் விசேஷம். இ.கோலை இல்லை, ஆனால் ஃபேஜ் இருந்தது. வீட்டுக்காரர் பயந்துபோய் நாலு நாளைக்கு முன் பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தார், சாட்சி செத்திருந்தது.

இங்கே ஒரு சிறிய பிசகும் உண்டு. நாங்கள் எண்ணியது இரண்டு வகை ஃபேஜ். இ.கோலையின் உடம்பில் நேராக ஒட்டும் சோமாட்டிக் வகை ஒன்று. அதன் எஃப் பைலஸ் என்னும் நுண்மயிரைப் பிடித்து ஏறும் வகை இன்னொன்று, எம்.எஸ்.2 இதில் சேர்த்தி. சம்ப்பில் விழுந்த கண்களெல்லாம் சோமாட்டிக். எம்.எஸ்.2 வகை ஒன்றுகூட இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் அது சீக்கிரம் அழிந்துபோகும். தரநிலை சொல்லும் எம்.எஸ்.2 சோதனையை மட்டும் செய்திருந்தால் அந்த சம்ப் பாஸ் ஆகியிருக்கும். நம் கடற்கரை வெயிலுக்கு இரண்டையும் எண்ணுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

மறுநாள் காலையில் செயலாளர் ஆள் வைத்துத் தோண்டினார். தெருவின் கடைசி வளைவில் பைப் வாய்க்காலின் அடியில், கல்வெர்ட்டுக்குள் போகிறது. ஒரு ஜாயின்ட் விட்டிருந்தது. எப்போதோ யாரோ அதைச் சைக்கிள் ட்யூப் வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ட்யூப் ஊறிப்போய், தொட்டதும் கையோடு வந்தது.

60 லிட்டரிலிருந்து கால் லிட்டர்

ஜாயின்ட் கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன். செயலாளர் விடவில்லை. “சைக்கிள் ட்யூப்புல காமாலை வராது சார். தண்ணில அந்த வைரஸ் இருந்துச்சுன்னு எழுத்துல வேணும்.” பொதுக்குழுவில் பைப்லைன் மாற்றப் பணம் கேட்க அவருக்கு அது தேவைப்பட்டது. நியாயம்தான்.

நோய் வைரஸைத் தண்ணீரில் தேடுவது வேறு தொழில். லிட்டருக்கு ஒன்றோ பத்தோ இருக்கும். அதற்கே ஆளைப் படுக்க வைக்கும் திறன் உண்டு. அதனால் நிறையத் தண்ணீரைச் சுருக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் முறையில் சுத்திகரித்த குடிநீருக்கு 1,500 லிட்டர் வரை ஓடவிடுவார்கள். நம் பிளாஸ்டிக் குடத்தில் 100 குடம். நேர்மின்னூட்டம் கொண்ட ஃபில்டர் வழியாக அதைச் செலுத்துவார்கள். சாதாரண பி.எச்.சில் பெரும்பாலான வைரஸ்களின் மேல்புறம் எதிர்மின்னூட்டம், அதனால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பி.எச். 9, 9.5 உள்ள மாட்டிறைச்சிச் சாறும் கிளைசினும் சேர்ந்த கரைசலை ஊற்றிக் கழற்றுவார்கள். பி.எச்.சை 3.5க்கு இறக்கினால் அந்தச் சாற்றின் புரதம் திரிதிரியாகத் திரிந்து வைரஸையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். பால் திரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதை மையவிலக்கியில் சுற்றிக் கொஞ்சம் மில்லியில் கரைத்தால் வேலை முடிந்தது.

அந்த ஃபில்டர் எங்களிடம் இல்லை. டயாலிசிஸ் ஃபில்டர் இருந்தது. சிறுநீரக நோயாளிக்கு ரத்தம் சுத்தம் செய்யும் அதே உருளை, புதிதாகவே மருந்துக்கடையில் கிடைக்கும். அதன் துளைகள் வைரஸை விடாது, தண்ணீரை விடும். ஒரு முனையை அடைத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டு, அப்புறம் ட்வீன் 80 என்னும் சோப்பு மாதிரிப் பொருள் கலந்த கரைசலைப் பின்பக்கமாகச் செலுத்திக் கழுவி எடுக்க வேண்டும். நாலு வீட்டு முதல் குடம், மொத்தம் 60 லிட்டர். கழுவி வந்ததை, வைரஸைப் படிய வைக்கும் பி.ஈ.ஜி. என்ற வேதிப்பொருள் போட்டு இரவு முழுக்கக் குளிரில் வைத்துச் சுழற்றி, கடைசியில் 5 மில்லி. பழுப்பு நிறம், லேசான பிசுபிசுப்பு. பழுது பார்ப்பதற்கு முன் ஒன்று, பைப் மாற்றிக் குளோரின் விட்டு ஒரு வாரம் கழித்து ஒன்று. கூடவே வாய்க்கால் நீர் கொஞ்சம்.

அதை வெளியூர் லேப் ஒன்றுக்கு பி.சி.ஆர். பார்க்க அனுப்பினேன். இங்கே ஒரு கணக்கு. 5 மில்லியில் 200 மைக்ரோலிட்டரை எடுத்து ஆர்.என்.ஏ. பிரித்தால் 50 மைக்ரோலிட்டர் கிடைக்கும். அதில் பி.சி.ஆர். குழாய்க்குள் போவது 5. பின்னால் கணக்கிட்டால் அது 240 மில்லி தண்ணீர். 60 லிட்டர் சுமந்து, கடைசியில் மெஷின் பார்த்தது கால் லிட்டரை. அதுவும் வழியில் ஒன்றும் தொலையவில்லை என்றால். தொலையும், அதனால்தான் தெரிந்த அளவு வேறொரு வைரஸை முதலிலேயே கலந்துவிட்டு, முடிவில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்ப்பது வழக்கம். மண்ணிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் பி.சி.ஆரையே முடக்கும் என்பதால் பத்து மடங்கு நீர்த்தும் ஒரு தடவை ஓட்டச் சொன்னேன்.

முடிவு: வாய்க்கால் நீரில் ஹெபடைடிஸ் இ பாசிட்டிவ். முதல் குடத்தில் ஹெபடைடிஸ் இ நெகடிவ், மலத்தோடு வெளியேறும் இன்னொரு வைரஸான அடினோவைரஸ் பாசிட்டிவ். பழுது பார்த்த பிறகு எடுத்ததிலும் அடினோவைரஸ் பாசிட்டிவ், சிக்னல் மட்டும் பலவீனம்.

ஆக, குழாய்த் தண்ணீரில் ஹெபடைடிஸ் இயை நாங்கள் பிடிக்கவே இல்லை. பிடித்த மாதிரி எழுதித் தரச் செயலாளர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். வாய்க்காலில் அது இருந்தது, வாய்க்கால் பைப்புக்குள் வந்தது, நோயாளிகளின் ரத்தத்தில் அது இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

“பாசிட்டிவ்ன்னா பாசிட்டிவ்தானே?”

பைப் மாற்றியும் அடினோவைரஸ் பாசிட்டிவ் என்றதும் தெருவே கலங்கிவிட்டது. கேன் தண்ணீர் வண்டி இரண்டு மடங்கு வந்தது. “சார், பாசிட்டிவ்ன்னா பாசிட்டிவ்தானே? தண்ணிய விடலாமா வேணாமா?”

பி.சி.ஆர். தேடுவது மரபுச் சங்கிலியின் ஒரு துண்டை. அந்தத் துண்டு உயிருள்ள வைரஸிலும் இருக்கும், குளோரினில் உறை கெட்டு ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கும் வைரஸிலும் இருக்கும். பிணத்தின் கைரேகையும் கைரேகைதான். இதைச் சரிக்கட்ட வழிகள் உண்டு. பி.எம்.ஏ. என்ற சாயத்தைக் கலந்து ஒளி காட்டினால், உடைந்த உறைக்குள் புகுந்து மரபுப்பொருளைப் பிணைத்து பி.சி.ஆரிலிருந்து மறைத்துவிடும். ஆனால் உறை உடையாமல் உள்ளே மட்டும் கெட்ட வைரஸுக்கு, குறிப்பாக புறஊதா ஒளியில் செத்ததற்கு, இது ஏமாறும். தொற்றுமா தொற்றாதா என்பதற்கு உறுதியான பதில் உயிருள்ள செல்லிடம்தான் இருக்கிறது.

அதிலும் எல்லா வைரஸும் இசையாது. என்டிரோவைரஸ்கள் பி.ஜி.எம். என்னும் குரங்குச் சிறுநீரகச் செல்லில் நன்றாக வளரும். ரோட்டாவைரஸுக்கு எம்.ஏ.104 செல்லும், கூடவே டிரிப்சினும் வேண்டும். மனித நோரோவைரஸ் பல பத்தாண்டு யாருக்கும் சரியாக வளரவில்லை. 2016ல்தான் மனிதக் குடல் செல்லிலிருந்து வளர்த்த குட்டி உறுப்புகளில் ஹூஸ்டன்காரர்கள் வளர்த்துக் காட்டினார்கள். ஹெபடைடிஸ் ஏ மெதுவாக வளரும், அதில் இயற்கையில் இருக்கும் வகை செல்லைக் கொல்லக்கூட செய்யாது. ஹெபடைடிஸ் இ இன்னும் சண்டித்தனம். ஏராளமாகப் போட்டால் வாரக்கணக்கில் காத்திருந்து ஏதோ கிடைக்கும். லிட்டருக்குச் சில என்று இருக்கும் தண்ணீரிலிருந்து அதை வளர்ப்பது பற்றி நான் யோசிக்கவே இல்லை. அடினோவைரஸ் ஏ549 என்னும் மனித நுரையீரல் செல்லில் வளரும். சாக்கடை வழியாகவே அதுவும் வந்தது. அது உயிரோடு இருந்தால் மற்றதும் இருக்கலாம்.

பழைய நண்பர் ஒருவரின் செல் கல்ச்சர் அறையில் இடம் கேட்டேன். 25 சதுர செ.மீ. பிளாஸ்க்கில் ஏ549 தரையோடு தரையாக, கல் பதித்த முற்றம் போலப் படர்ந்திருந்தது. பழுதுக்கு முந்தைய அடர்நீரில் ஒரு மில்லியை 0.22 மைக்ரான் வழியாக வடிகட்டிப் போட்டு, ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, மேலே ஊட்டநீர் ஊற்றினேன். மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு செல்லும் தரையில் இல்லை. எல்லாம் மிதக்கிறது. நண்பர் என் தோளில் தட்டி, “பாரு, எவ்வளவு வைரஸ்!” என்றார்.

எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. அடினோவைரஸ் ஒரே நாளில் அப்படிச் செய்யாது. அது வந்தால் செல்கள் முதலில் உருண்டு, திராட்சைக் கொத்து போலக் கூடிக்கூடி நிற்கும். நாலைந்து நாள் எடுத்துக்கொண்டுதான் உதிரும். இங்கே பாயைச் சுருட்டியது மாதிரி முழுப் படலமும் உரிந்திருந்தது. நஞ்சு. எங்கள் அடர்நீரில் வைரஸோடு பி.ஈ.ஜி.யும் சாக்கடைச் சரக்கும் சேர்ந்தே அடர்ந்திருந்தன. இதை வைரஸ் என்று எழுதி அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பழுதுக்குப் பிந்தைய நீரும் அதே மாதிரி செல்லை உரித்திருக்கும், ஒரு தெருவே பயத்தில் மூழ்கியிருக்கும்.

இரண்டாம் தடவை ஐந்து மடங்கு நீர்த்து, ஒட்டும் நேரம் முடிந்ததும் இரண்டு முறை கழுவினேன். கூடவே ஒரு பிளாஸ்க்கில் அதே அடர்நீரோடு தெரிந்த அடினோவைரஸையும் கொஞ்சம் கலந்து போட்டேன். அது வளர்ந்தால், நெகடிவ் என்று வருவது உண்மையான நெகடிவ். வளராவிட்டால் நீர்தான் தடுக்கிறது. ஐந்தாம் நாள் செல்லை எடுத்து, டி.என்.ஏ.வை நொதியால் அழித்துவிட்டு, வைரஸின் எம்.ஆர்.என்.ஏ.வை மட்டும் தேடினோம். செத்த வைரஸ் டி.என்.ஏ.வைச் சுமந்து வரும்; ஆனால் செல்லுக்குள் புகுந்து வேலை தொடங்கினால்தான் எம்.ஆர்.என்.ஏ. பிறக்கும்.

பழுதுக்கு முன்: பாசிட்டிவ். பத்தாம் நாள் அடுத்த பிளாஸ்க்குக்கு மாற்றியதில் கொத்துக் கொத்தாக உருண்ட செல்களைக் கண்ணாலேயே பார்த்தேன். பழுதுக்குப் பின்: இரண்டு முறை மாற்றியும் எம்.ஆர்.என்.ஏ. இல்லை. தெரிந்த வைரஸ் கலந்த பிளாஸ்க் வளர்ந்தது. சுருக்கிப் போட்ட அந்த அளவு தண்ணீரில் தொற்றும் அடினோவைரஸ் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ‘வைரஸ் இல்லை’ என்று எழுதவில்லை.

இதெல்லாம் முடிய மூன்றரை வாரம். தெரு அதற்குள் மாசித் திருவிழாவுக்கு வசூல் தொடங்கியிருந்தது.

அந்த மூன்றரை வாரத்தில்

தண்ணீரை நிறுத்தி வைக்கவில்லை. ஃபேஜ் முடிவையும் குளோரினையும் வைத்தே விட்டோம். பைப் வாய்க்காலுக்கு மேலே தூக்கப்பட்டது. மோட்டார் மூன்றும் கழன்றன. ஒன்று கொஞ்சம் சண்டைக்குப் பிறகு.

குளோரின்தான் நான் எதிர்பார்க்காத இடத்தில் இடறியது. டேங்க் ஆபரேட்டர் அண்ணன் ஒழுங்கானவர், தினமும் பவுடர் கரைத்து ஊற்றுகிறவர், குளோரின் இருந்தால் மஞ்சளாகும் ஆர்த்தோடொலுடின் சொட்டைத் தினமும் விட்டுப் பார்க்கிறவர். “நல்லா மஞ்சளா வருது சார்” என்றார். அவரோடு நின்று பார்த்தேன். சொட்டு விட்டார், பாட்டிலைத் திண்டில் வைத்தார், வால்வைத் திருகப் போனார், டீ குடித்தார், வந்து பார்த்தார். மஞ்சள். ஆனால் எதோடும் சேராத சுதந்திரக் குளோரின் பத்து விநாடிக்குள் மஞ்சள் காட்டும். கால் மணி நேரம் கழித்து வருவதில் அம்மோனியாவோடு சேர்ந்துபோன குளோரினும் அடக்கம். மறுபடி செய்து உடனே பார்த்தோம். வெறும் தண்ணீர் நிறம்.

வைரஸைக் கொல்வதில் இந்த இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 25 டிகிரியில் வைரஸைப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைக்க, மில்லிகிராமை நிமிஷத்தால் பெருக்கிய கணக்கில், சுதந்திரக் குளோரினுக்கு அமெரிக்க அட்டவணை சொல்வது 2. அம்மோனியாவோடு சேர்ந்த குளோரமினுக்கு 497. சாக்கடை உள்ளே வரும் குழாயில் அம்மோனியாவுக்குப் பஞ்சமா?

பவுடரும் பழசு. புதிதாக இருக்கும்போது அதில் சுமார் 33 சதவீதம் பயன்படும் குளோரின். மூட்டையைப் பிரித்து, கடல்காற்றில், டேங்க் அடியில் வைத்தால் மாதங்களில் சுண்ணாம்புதான் மிஞ்சும். மூட்டையை மாற்றி, 1,000 லிட்டருக்கு 2.5 கிராமில் தொடங்கி, கோடி வீட்டுக் குழாயில் 0.5 நிற்கும் வரை ஏற்றினோம். டேங்க்கில் பார்ப்பதை விட்டுவிட்டுக் கோடியில் பார்ப்பது என்று ஆனது. அளக்கும் சொட்டையும், குளோரினை நிறத்தில் காட்டும் டி.பி.டி. மாத்திரையாக மாற்றினோம், ஆர்த்தோடொலுடின் உடம்புக்கு ஆகாதது, அதைக் கையில் சிந்திக்கொண்டிருந்தார் மனிதர்.

நோட்டு இப்போது ஆயா வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. காலையில் முதல் குடத்திலும், பத்து நிமிஷம் கழித்தும், இரண்டு முறை மாத்திரை போட்டு நிறத்தைப் பேத்தி எழுதுகிறாள். அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு எனக்குப் போன். “தம்பி, நாத்தம் இல்ல. ஆனா மொத கொடத்துல கலரே வரல.”

“வால்வ மூடச் சொன்னீங்களா ஆயா?”

“அவன எழுப்பி மூடிட்டுத்தான் ஒனக்குப் பண்றேன்.”